கார்த்திகா ஸ்டாப்

ராஜபாளையத்திலிருந்து கிழக்கே ஆலங்குளம் போகிற சாலைக்கு அரசாங்கம் ஒரு நம்பர் வைத்திருக்கிறது. மாநில நெடுஞ்சாலை என்று பெரிய பேர் வேறு. அந்த நம்பரைக் கேட்டால் சாலையோரத்திலேயே பிறந்து வளர்ந்தவனும் திருதிருவென்று முழிப்பான். ஸ்டாப்புகளைக் கேட்டால் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரிசை மாறாமல் சொல்லுவான். மில் கேட், தண்ணித்தொட்டி, ஒத்தப்பனை, கார்த்திகா, கல்பாலம் என்று போகும் அது. மில் கேட்டில் கேட் மட்டும்தான் மிச்சம். தண்ணித்தொட்டியில் தண்ணீர் ஏறி யாரும் பார்த்ததில்லை. ஒத்தப்பனை ஒரு ஐப்பசியில் இடி விழுந்து சாய்ந்தது. இல்லாத பொருளின் பேரில் ஏறி இறங்குவது இந்தச் சாலைக்காரர்களுக்குச் சகஜம்.

புதிதாகப் பஸ் ஏறியவர்கள் கார்த்திகா என்ற பேர் கேட்டதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். கல்யாண மண்டபமாக இருக்கும், ஜவுளிக்கடையாக இருக்கும் என்று ஒரு எதிர்பார்ப்பு. அங்கே இருந்ததெல்லாம் ஒரு ஒற்றை வீடு, வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வேப்பமரம், அப்புறம் சாலையில் ஒரு பெரிய வளைவு. அந்த வீட்டுக்காரி பரிபூரணம். கார்த்திகா அவள் பெற்ற ஒரே மகள்.

பரிபூரணத்தின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் பிறப்பதற்கு முன்பே அங்கே விழுந்துவிட்ட அந்த வளைவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் அது வெறும் வண்டிப் பாதை. கரிசல் மண். மழை பெய்தால் சக்கரம் அச்சு வரை இறங்கும், மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வண்டியை மறுநாள் வந்து பார்க்க வேண்டியதுதான். அதைக் கல் ரோடாக்க அரசாங்கம் வந்தபோது சர்வேக்காரர்கள் அளவுச் சங்கிலியை நேராகப் பிடித்தார்கள். நேர் கோடு இருளப்பசாமி என்பவருடைய கிணற்றின் நடுவே போயிற்று. சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றைத் தோண்டினாலும் உப்பு. அவர் கிணறு மட்டும் தித்திப்பு. மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்று விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார். ரோடு போகணும்னா என்னைத் தள்ளிட்டுப் போகட்டும் என்றார். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்து பார்த்தார். கடைசியில் சங்கிலிதான் வளைந்தது. கிணற்றையும் அதைச் சுற்றிய வயல்களையும் ஒதுக்கிவிட்டு, வயிறு பெருத்த ஆளின் இடுப்பைப் போல ஒரு வளைவு வளைந்து சாலை மறுபடி நேர்பாதைக்கு வந்தது.

அதிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பட்டம். கல்யாண வீட்டில், காதுகுத்து வீட்டில், பந்தியில் இலை போட்டதும் யாராவது ஆரம்பிப்பார்கள், கவர்மென்ட் ரோட்டையே வளைச்ச ஆளுப்பா என்று. சேத்தூரிலிருந்து இருளப்பசாமியின் பேரன் பாண்டிதுரைக்கு வாக்கப்பட்டு வந்த பரிபூரணத்துக்கு, அடுப்படி எங்கே இருக்கிறது என்று காட்டும் முன்னால் வளைவைத்தான் காட்டினார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பின்னாளில் மகளுக்குச் சோறு ஊட்டும்போது நிலாவைக் காட்டியதைவிட அந்த வளைவைக் காட்டியதுதான் அதிகம்.

பாண்டிதுரை போலீசில் இருந்தார். இன்றைக்கு ஒரு ஸ்டேஷன், நாளைக்கு ஒரு பந்தோபஸ்து. தீபாவளிக்கு வீட்டில் இருந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வளைவின் ஓரத்தில் தனி வீடு கட்டி, நிலத்தில் பாதியைப் பெண்டாட்டி பேரில் எழுதி வைத்து, எல்லாத்தையும் நீ பாத்துக்கோட்டி என்று சொல்லிவிட்டுப் போனவர். அவள் பார்த்துக்கொண்டாள். பருத்தி எடுப்பதிலிருந்து பம்ப்செட்டுக்கு ஆள் கூட்டி வருவது வரைக்கும் அவள்தான்.

அவளுக்கு இருந்த ஒரே குறை பஸ். ஒத்தப்பனைக்கும் கல்பாலத்துக்கும் நடுவில் அவள் வீடு. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரே தூரம், ஒரே வெயில். கார்த்திகா ராஜபாளையத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, பதினொரு வயதுப் பிள்ளையை ஒத்தப்பனை வரைக்கும் தனியாக அனுப்ப அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கூட நடந்தாள். திரும்பி வந்து காட்டு வேலை பார்த்தாள். சாயங்காலம் மறுபடி நடந்தாள்.

அந்த வருஷம் பங்குனியில், அந்தத் தடத்தில் ஓடிய ஓட்டை டவுன் பஸ் வளைவு திரும்பியதும் பெருமூச்சு விட்டு நின்றது. முன்னால் ஆவி பறந்தது. டிரைவர் மைதீன் பிச்சை இறங்கி ரேடியேட்டரைத் திறந்துவிட்டுத் தண்ணீருக்கு அங்குமிங்கும் பார்த்தார். பரிபூரணம் வாசல் தொட்டியில் ஒரு குடம் மொண்டு இடுப்பில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நல்ல தண்ணியா இருக்கே தங்கச்சி. உப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தித்தான் இந்த வண்டி இப்படிக் கெடக்கு."

"தெனமும் தாரேன் அண்ணே. காலையில எம்புள்ளையை ஏத்திக்கிடுங்க, சாயந்தரம் எறக்கி விடுங்க. அம்புட்டுதான்."

மைதீன் பிச்சை சிரித்தார். மறுநாளிலிருந்து வண்டி அங்கே நின்றது. வண்டி தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பிள்ளை ஏறிக்கொள்ளும். ஆரம்பத்தில் வண்டிக்குத் தாகம் இருந்ததால் நின்றது, அப்புறம் தாகம் இல்லாத மழைக்காலத்திலும் நின்றது. கார்த்திகாவோ சீவிச் சிங்காரித்து வர நேரமாக்குகிறவள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும், உள்ளே இருக்கிற பால்காரர், பூக்காரி எல்லோரும் கார்த்திகா வந்துட்டாளா, வந்துட்டாளா என்று கேட்பார்கள். நிஜாம் என்ற இளவட்டக் கண்டக்டர் அப்போதுதான் அந்தத் தடத்துக்கு வந்திருந்தார். சாயங்காலம் வளைவு வரும்போது அவர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டது. "கார்த்திகா... கார்த்திகா எறங்கு." பக்கத்துக் காடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் அங்கேயே இறங்கத் தொடங்கினார்கள். அவர்களும் டிக்கெட் எடுக்கும்போது கார்த்திகா ஒண்ணு, கார்த்திகா ரெண்டு என்று கேட்டார்கள். எந்த ஆபீசும் உத்தரவு போடாமல் ஒரு ஸ்டாப் பிறந்துவிட்டது.

பதினாலு வயதில் கார்த்திகாவுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று.

"எம்பேரை ரோட்டுல போட்டு ஏலம் விடுறாங்கம்மா. கிளாசுல பசங்க எல்லாம் விசிலடிச்சு எறங்கு எறங்குன்னு கத்துறானுவ. அந்த நிஜாம் அண்ணன்கிட்டச் சொல்லி நிப்பாட்டச் சொல்லு."

"கலெக்டருக்குக்கூட ரோட்டுல பேரு கெடையாதுட்டி. ஒங்க பூட்டன் வளைச்ச ரோட்டுல ஒனக்கு ஒரு ஸ்டாப்பு. அனுபவி."

பரிபூரணத்துக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு பூரிப்பு. சேத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போனால் நாலு பேர் கேட்கிற மாதிரி, எம்மக பேர்ல பஸ் நிக்குதுல்லா என்று சொல்லாமல் திரும்ப மாட்டாள்.

மகள் வளர்ந்தாள். கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படித்து முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ராஜபாளையம் வரைக்கும் இந்தப் பஸ், அங்கிருந்து இன்னொன்று. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மைதீன் பிச்சை ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புது வண்டிகளுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. ஆனாலும் நின்றன.

அன்றைக்குச் சாயங்காலம் பரிபூரணம் அடுப்படியில் உளுந்து வடை தட்டிக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் திரும்பிய சத்தம் கேட்டது. நிஜாமின் விசில் கேட்டது. "கார்த்திகா... கார்த்திகா எறங்கு." அவள் ஒரு வடையைப் புரட்டிப் போட்டாள். அடுத்த வடையை எடுப்பதற்குள் அந்தச் சத்தம் வந்தது. பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றிச் சாலையைக் கடந்த பிள்ளையை, நின்ற பஸ்ஸை முந்திக்கொண்டு வளைவில் பாய்ந்த ஒரு லாரி அடித்துவிட்டது. வளைவில் எதிரே இருப்பது தெரியாது. தெரிந்திருந்தால் லாரிக்காரனும்தான் பிரேக் போட்டிருப்பான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். சொல்லி என்ன.

கருகிப்போன வடைச்சட்டி வாசனையோடு அந்த வீடு பல நாள் கிடந்தது.

அதற்குப் பிறகு பஸ் அங்கே பேச்சு மூச்சில்லாமல் நின்றது. நிஜாம் விசில் மட்டும் ஊதுவார், வாயைத் திறக்க மாட்டார். இறங்குகிறவர்களும் வீட்டுப் பக்கம் பார்க்காமல் இறங்கிப் போவார்கள். டிக்கெட் எடுக்கும்போது, அந்த வளைவுல எறங்கணும் என்றார்கள். எல்லாம் அவளை நினைத்து, அவள் காதில் விழக்கூடாது என்று செய்ததுதான். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களும் போன புள்ள, அந்தப் புள்ள என்றுதான் பேசினார்கள். பாண்டிதுரை பேசவே இல்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும்போது மகள் பேரை ஒரு தடவை சொன்னவர், அதோடு சரி. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு விபத்துகளை எழுதின கை, தன் வீட்டு விபத்துக்குக் கையெழுத்துப் போடும்போது பேனாவைத் தவறவிட்டதாம்.

முதலில் பரிபூரணத்துக்கும் அந்த மௌனம் ஒத்தடமாகத்தான் இருந்தது. மாதங்கள் போகப் போகத்தான் அது என்னவென்று விளங்கிற்று. ஒரு நாள் முழுக்க, ஒரு வாரம் முழுக்க, அந்தப் பேரை ஒரு வாய் உச்சரிக்கவில்லை. இத்தனை வருஷம் காலையிலும் சாயங்காலமும் ஊரே கூப்பிட்ட பேர். தன் மகள் இரண்டாவது தடவையாகச் சாவதைப் போல அவளுக்கு இருந்தது.

ஒரு நாள் ராஜபாளையத்தில் மருந்து வாங்கிவிட்டுத் திரும்பும்போது நிஜாமின் வண்டியில் ஏறினாள். அவர் டிக்கெட்டைக் கிழிக்கக் கையைக் கொண்டுவந்துவிட்டுத் தயங்கினார். ஒத்தப்பனைக்கு அடுத்ததுதானக்கா என்றார்.

"கார்த்திகா ஒண்ணு குடுங்க தம்பி."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"பழையபடி கூப்பிடுங்க. நீங்க ஏன் கூப்பிட மாட்டேங்கிறீய?"

"அன்னைக்குக் கூப்பிட்டு எறக்கிவிட்டது நான்தானக்கா. நாக்கு வர மாட்டேங்குது."

"எனக்காகக் கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டு முடிச்சதும் ஒரு மூச்சு விடுற நேரம் இருந்துச்சு தம்பி. அந்த நேரம் அவ உசிரோட இருந்தா. நான் வடையைப் புரட்டிப் போட்டேன், அவ எறங்கி வந்துக்கிட்டு இருந்தா. நீங்க கூப்பிட்டா அந்த ஒரு மூச்சு எனக்குத் திரும்பக் கெடைக்கும்."

அன்றைக்கு வளைவு வந்ததும் நிஜாம் படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். பரிபூரணம் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் கூப்பிட்டார். தடம் மாறி வந்த கண்டக்டர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் பலருக்குக் கார்த்திகா யார் என்றே தெரியாது. ஒத்தப்பனை மாதிரி அதுவும் ஒரு பேர்.

பரிபூரணம் அந்தக் குரல்களில்தான் காலம் தள்ளினாள். முதல் வண்டி கூப்பிடும்போது எழுந்து வாசல் தெளிப்பாள். மதிய வண்டிக்குச் சோறு வடிப்பாள். சாயங்கால வண்டி கூப்பிட்டதும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஒரு மூச்சு சும்மா இருப்பாள். அந்த ஒரு மூச்சுக்குள் ஒருத்தி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவாள். அப்புறம் மறுபடி வேலை.

பாண்டிதுரையின் துக்கத்துக்கு வேறு தடம் இருந்தது. ஓய்வு பெற்று வந்த மனிதர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு திங்கள்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போவார். மற்ற நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரோட்டுக்காரர்கள் ஆபீசு. மகள் போன அதே பஸ், மகள் மாறின அதே இடம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த வளைவை நிமிர்த்த வேண்டும். வேகத்தடை போட்டுத் தந்தார்கள். லாரிகள் அதை ஒரே கோடையில் தேய்த்துத் தட்டையாக்கின. எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். அதை மாடு முட்டியது. அவர் விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் சாலையை அகலப்படுத்தும் வேலை வந்தது. சூர்யபிரகாஷ் என்ற இளம் பொறியாளர் மூன்று கால் கருவியோடு வந்து, வயலுக்குள் சிவப்புச் சாயம் அடித்த முளைகளை நேராக அடித்துக்கொண்டு போனார். முளைகள் இருளப்பசாமியின் கிணற்றுக்கு நடுவே போயின. மோர் கொண்டுவந்து கொடுத்த பரிபூரணத்திடம் அவர் மரியாதையாகச் சொன்னார்.

"சார் விடாம அலைஞ்சதாலதாம்மா இது நடக்குது. இனிமே இங்க ஒரு உயிர் போகாது."

"பஸ் எப்படி வரும் தம்பி?"

"புது ரோட்டுலதான் போகும். வீட்டு முன்னால இருக்கிறது சும்மா கெடக்கும். சத்தம் இல்லாம நிம்மதியா இருக்கலாம்."

வீட்டுக்கும் புதுச் சாலைக்கும் நடுவில் நான்கு வயல். நடுவில் ஸ்டாப் உண்டா என்று கேட்டாள். ஒத்தப்பனையை விட்டால் கல்பாலம்தான், இது வேகமாகப் போகிற சாலை என்றார். அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றாள்.

கிணறு இருந்த பக்கம் அவள் பேரில் இருந்தது. அவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை சீக்கிரம் நடக்கும். மாட்டேன் என்றால் கோர்ட், வாய்தா என்று வருஷங்கள் ஓடும், ஒருவேளை இந்த வளைவை அப்படியே விட்டுவிட்டும் போவார்கள். அது பாண்டிதுரைக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"ஒங்க தாத்தா ஒரு கெணத்துக்காக ரோட்டை வளைச்சாரு," என்றாள் அன்று சாயங்காலம். "நீங்க நிமித்துறீய. எனக்கு என்ன மிச்சம்னு யாராவது கேட்டியளா?"

"இன்னொருத்தன் புள்ள சாகக் கூடாதுட்டி."

"சாகட்டும்னா சொன்னேன்? எம்புள்ள பேரு இந்த ரோட்டுல மட்டுந்தான் இருக்கு. வீட்டுக்குள்ள இல்ல. உங்க வாயில இல்ல. அதையும் தூக்கிக் குடுக்கச் சொல்றீயளே."

பாண்டிதுரை எழுந்துபோய் வேப்பமரத்தடியில் நின்றார். அந்த வாரம் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் தானே காபி போட்டுக் குடித்தார். அவள் கையெழுத்துப் போடுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு காலை, கல்பாலத்துக்காரப் பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் வளைவில் திரும்பும்போது மணலில் சறுக்கி விழுந்தாள். பின்னால் வந்த லாரி கிரீச்சிட்டு, அவள் தலைமுடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பரிபூரணம் வாசலில் நின்று பார்த்தாள். பெண் எழுந்து சுடிதாரைத் தட்டிவிட்டு, பயத்தில் இளித்தாள். பரிபூரணம் தொட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எங்க போற தாயி?"

"கிருஷ்ணன்கோவிலுக்கு, காலேஜுக்கு. எங்கம்மாகிட்டச் சொல்லிறாதீங்க பெரியம்மா. பொறவு வண்டியைப் புடுங்கி வச்சிக்கிடுவாங்க."

மகள் வீடு திரும்புவாள் என்று எங்கேயோ ஒருத்தி அந்த நேரத்தில் நிம்மதியாகச் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். அந்த லாரி இன்னும் ஒரு முழம் வந்திருந்தால் இந்த வளைவுக்கு இரண்டாவதாக ஒரு பேர் வந்திருக்கும். அன்று மதியமே, பாண்டிதுரையிடம் ஒரு வார்த்தை பேசாமல், பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வரும்போது கண்டக்டர் கூப்பிட்டார், கார்த்திகா எறங்கு என்று. இறங்கி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளைக்குக் கொள்ளி வைத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

கிணற்றை மூடினார்கள். லாரி லாரியாக மண் கொட்டி, கடைசியில் ரோலர் ஓடியது. பாண்டிதுரை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தாத்தா உட்கார்ந்த விளிம்பு உள்ளே விழுந்தபோது அவர் செருப்பைக் கழற்றினார்.

பழைய சாலையில் கடைசி நடை நிஜாமுடையது. அவருக்கும் தலை நரைத்திருந்தது. வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து வீட்டைப் பார்த்து நின்று கூப்பிட்டார். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. போயிட்டு வாரேன்க்கா என்றார். பரிபூரணம் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த வாரம் அவரைச் சேத்தூர்த் தடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

புதுச் சாலை நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பஸ்கள் வயலுக்கு அப்பால் குறையாத வேகத்தில் போயின. அந்த இரைச்சல் வீடு வரைக்கும் வந்தது, பேர் வரவில்லை. பரிபூரணம் சில நாள் காது கொடுத்துப் பார்த்தாள். வாசல் தெளிக்க எழுந்திருக்க மறந்தாள். சோறு குழைந்தது.

ஒரு நாள் ராஜபாளையத்தில் பஸ் ஏறினாள். பெண்களுக்கு இலவசம், ஆனாலும் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பார்கள். கண்டக்டர் ஆல்வின் என்று சட்டையில் பேர் குத்திய பையன். நல்ல மாதிரி.

"எங்கம்மா?"

"கார்த்திகா."

அவன் மெஷினைப் பார்த்தான். "அப்படி ஒரு ஸ்டாப்பு இல்லையேம்மா. ஒத்தப்பனையா, கல்பாலமா?"

"ரெண்டுக்கும் நடுவுல தம்பி."

"நடுவுல ஒண்ணும் இல்லம்மா."

அவன் பேரில் தப்பில்லை. அவள் கல்பாலத்தில் இறங்கி, வெயிலில் பழைய சாலை வழியாக நடந்தே வந்தாள். சாலையில் யாரோ உளுந்துச் செடியைக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு பசு நடுவில் படுத்து அசை போட்டது. வீட்டுக்கு வந்தவள் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாண்டிதுரை எங்கட்டி போன என்று கேட்டார்.

"நடுவுல ஒண்ணும் இல்லையாம்," என்றாள். "கண்டக்டர் பையன் சொல்றான்."

அவர் வெகுநேரம் நிலைப்படியில் நின்றார்.

பொழுது சாய்ந்தது. சாயங்கால வண்டி புதுச் சாலையில் இரைந்துகொண்டு போவது கேட்டது. பாண்டிதுரை செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசல் தொட்டியைத் தாண்டி, காய்கிற உளுந்தை மிதிக்காமல், பஸ்ஸின் படிக்கட்டு வழக்கமாக வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி செருமினார்.

"கார்த்திகா," என்றார். ஏழு வருஷமாக அந்த வாய் சொல்லாத பேர். "கார்த்திகா எறங்கு."

குரல் வேப்பமரம் வரைக்கும்கூடப் போகவில்லை. பரிபூரணத்துக்குக் கேட்டது. அவள் எழுந்து வந்து வாசலில் நின்றாள். காலிச் சாலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதரின் தோள் குலுங்கியது.

"சத்தமாக் கூப்பிடுங்க," என்றாள். "வண்டிக்குள்ள கூட்டமா இருக்கும். புள்ளைக்குக் கேக்கணும்லா."

அவர் மறுபடி கூப்பிட்டார்.